தோல்காரர் சீமோன்

தோஸ்து,

உன் வீட்டம்மா நேற்று வந்து உன் கிரேக்க வேதப் புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். "இத உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார். எனக்கும் கிரேக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? மிஷன் பள்ளியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாவதுவரை தமிழ் படித்தவன் நான். பிரித்துப் பார்த்தேன். குப்பென்று தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாடை. அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு பக்கத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கறை. என் கட்டைவிரல்தான். "இந்த வார்த்தையத் தொட்டுப் பாருடா" என்று நீ என் கையை இழுத்து வைத்த இடம். செத்த பிறகும் என்னை நிம்மதியாக இருக்கவிட மாட்டாய் போலிருக்கிறது.

புர்செயுஸ். எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! புர்சா என்றால் உரித்த தோல்; அதில் கைவைத்துப் பிழைக்கிறவன் புர்செயுஸ். புதிய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடத்தில் வருகிறது, மூன்றும் யோப்பா பட்டணத்துச் சீமோன் என்கிற ஒரே ஆளுக்கு. பேதுரு அந்த ஆளின் வீட்டில் அநேக நாள் தங்கினார். என் பெயரும் சீமோனாக இருந்து, தொழிலும் தோலாக இருந்து தொலைத்ததால், நீ உபதேசியாராகி ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து எனக்கு விடிவு இல்லை. "அவன் வீடு ஏன் கடலோரம் இருந்துச்சு தெரியுமா? நாத்தம் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்சாங்க. ஒன்ன பாலாத்தோரம் வெக்கல? அதே கதைதான். ஆனா பேதுரு தங்கின வீட்டுக்கு தேவதூதன் வழி சொல்லும்போது தொழிலச் சொல்லித்தான் வீட்ட அடையாளம் காட்டறான். அவனுக்கே கூச்சமில்ல, ஒனக்கு இன்னாடா?"

கூச்சம் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். கோயிலில் நாங்கள் தோல் ஷாப்பு ஆட்கள் கதவோரப் பாயில்தான் உட்காருவோம். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. நாங்களாகவே போய் உட்காருவோம். அணைக்கட்டு ஊரிலிருந்து என் மகள் ரூத்தைப் பெண் பார்க்க வந்தபோது, தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டி வாடை போகட்டும் என்று மூன்று தரம் சீயக்காய் தேய்த்துக் குளித்தேன். போதாதென்று ஷாப்பு முதலாளி சாயபு கொடுத்த அத்தரையும் பூசிக்கொண்டேன். தோலும் அத்தரும் சேர்ந்தால் எப்படி இருக்குமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் மாமா நெருங்கி உட்காரவில்லை. "கம்பெனியில மேஸ்திரி" என்று மட்டும் சொல்லிவைத்தேன். என்ன கம்பெனி என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. நிலபுலம் உள்ள குடும்பம். என் மகள் சுண்ணாம்பு வாடையில்லாத வீட்டில் போய் வாழட்டும் என்று நினைத்தது ஒரு பாவமா?

கலியாண ஓலை எழுத வந்தாய். நம் சபை வழக்கப்படி அதை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும்: இன்ன ஊர், இன்ன தொழில் செய்கிற இன்னாருடைய குமாரத்தி என்று. "மேஸ்திரின்னு எழுது" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினாய். சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதல் ஞாயிறே "தோல்காரர் சீமோன் குமாரத்தி ரூத்" என்று கணீரென்று வாசித்தாய். இரண்டாம் ஞாயிறும் அதே. மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளையின் மாமா வந்து உட்கார்ந்திருந்தார். அப்போதாவது வாயை அடக்கினாயா? ஆராதனை முடிந்ததும் அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டி கட்டிக்கொண்டு போனார். புதன்கிழமை கடுதாசி வந்துவிட்டது. சம்பந்தம் வேண்டாமாம்.

ரூத் அழவில்லை. கூறைப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். அதைப் பார்க்க முடியாமல்தான் உன் வாசலுக்கு வந்து ஊர் கேட்கக் கத்தினேன். "ஒன் கிரேக்கம் சரியாவே இருக்கட்டும். அதச் சொல்றதுக்கு எம்பொண்ணு கலியாணந்தான் கெடச்சுதா?" நீ குரலை உயர்த்தவில்லை. "கலியாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா அந்த வீட்டுல அவ கதி இன்னாடா?" என்றாய். நீ கேட்டது நியாயம்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

ஆறு மாதம் உன் முகத்தில் முழிக்கவில்லை. காய்ச்சலில் படுத்தபோது ஆள் அனுப்பினாய். தோலைத் தொட்டி மாற்றுகிற நாள், நாளைக்கு வருகிறேன் என்று சாக்குச் சொன்னேன். மறுநாள் காலையில் உனக்காகக் கோயில் மணி அடித்தது. உன் பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். அப்போதும் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். என்மேல் இருந்த கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

இப்போது சோளிங்கர்ப் பக்கத்தில் ஓர் இடம் கூடிவந்திருக்கிறது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். போன வாரம் புது உபதேசியார் ஓலை எழுத வந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. "தொழில் என்ன போடட்டும், ஐயா? நீங்க சொல்றபடியே போட்டுடறேன்" என்றார். பார், இப்படியல்லவா இருக்க வேண்டும் உபதேசியார்! மேஸ்திரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ரூத்தின் குரல். "தோல்காரர்னு போடுங்க. அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சு."

திடுக்கிட்டுத் திரும்பினேன். "எப்பம்மா சொன்ன?"

"வாத்தியார் வீட்டுல பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நைனா. நீங்க மறுபடியும் அத்தர் பூசினு இருந்தப்போ."

உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். நீ மண்ணுக்குள் போயும் என் வீட்டுக்குள்ளேயே ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நாளைக்கு முதல் ஓலை. புது உபதேசியாருக்குக் குரல் கம்மி. முன்வரிசை தாண்டினால் காதில் விழாது. இன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், கதவோரப் பாயில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்க வேண்டும் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

போதுமா?