கழிவுக்குக் கீழே எங்கள் கழனி

1 ஜூலை 2024, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. நாஷ்டா இல்லாமல் டூட்டிக்கு ஓடினேன். பேக்கிங்கில் நிற்கும்போது எங்கள் காலனி குப்புராஜ் அண்ணன் போன். "வர்ற திங்கக்கெழம திருவள்ளூர் போறோம்மா. கலெக்டராண்ட மனு குடுக்க. எழுதப் படிக்கத் தெரிஞ்ச நீதான் முன்னால நிக்கணும்."

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் காலனி ஆட்கள் மனு மேல் மனு போட்டு வாங்கிய நிலம் அது. வெளியாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. விற்கவில்லை. அப்பா காலத்தில் பக்கத்து இரும்புக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. கம்பெனிக்காரன் இன்னும் கழிவைக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். அப்பா நெல் அறுத்த இடத்தில் கருப்பாக ஒரு மலை.

அதே கம்பெனியில்தான் என் வீட்டுக்காரர் பென்னி ஒப்பந்த வேலை பார்க்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

3 ஜூலை

சொல்லிவிட்டேன். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ உங்கப்பா பங்குன்னு கையெழுத்துப் போடுவ. கம்பெனி கேட்ல நிக்கப்போறது நானு."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

8 ஜூலை, திங்கள்

பெரியபாளையம் வழியாக பஸ். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் பையைக் கவிழ்த்துப் பார்த்தது, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. என் பையில் தண்ணீர் பாட்டிலும் குடையும்தான். ஆனாலும் கூசிப்போனேன்.

உள்ளே ஒரு அதிகாரி மனுவைப் புரட்டினார். முழுதாகப் படித்திருக்க மாட்டார். "தாசில்தார் விசாரிப்பாரு" என்றார். முடிந்தது.

பஸ்ஸில் ரோசம்மாள் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "வெள்ளைக்காரனுக்கு எழுதனாங்க, நெலம் குடுத்தான். நம்மாளுக்கு எழுதனா ரசீது குடுக்கறாங்க." எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அக்காவின் பங்குக்கு மேல்தான் கழிவு முதலில் விழுந்தது.

9 ஜூலை

ஒன்றுமில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

22 ஜூலை, திங்கள்

வேலைக்குப் போன பென்னி உடனே திரும்பிவிட்டார். கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். சூப்பர்வைசர் அன்புராஜ் தனியாகக் கூப்பிட்டு, "உன் சம்சாரத்த வாபஸ் வாங்கச் சொல்லு. அப்புறமா வா" என்றாராம்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

28 ஜூலை, ஞாயிறு

கோயிலில் கண்ணை மூடினேன். என்ன கேட்பது? வேலையா, நிலமா? இரண்டையும் கேட்டால் பேராசையா? ஏன் — எதற்குப் பேராசை? இரண்டும் எங்களுடையதுதானே.

ஜெபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

2 ஆகஸ்ட்

குப்புராஜ் அண்ணன் வாபஸ் வாங்கிவிட்டார். அவர் மருமகளுக்குக் கம்பெனி ஆபீஸில் வேலை. ரோசம்மாள் அக்கா சொல்லித்தான் தெரியும். நேராக அவர் வீட்டுக்கே போனேன்.

"மன்னிச்சுக்கம்மா. ஊட்டுல ஒரே பேஜாரு. தெனமும் சண்ட."

எங்க ஊட்டுல மட்டும் இன்னா, கல்யாணமா நடக்குது? கேட்டிருக்கணும். அவர் குடுத்த டீயக் குடிச்சிட்டு வந்தேன். ஏன் குடிச்சேன்?

அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகுகிறார்கள்.

13 ஆகஸ்ட்

நாளை விசாரணை. வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்று பென்னியிடம் சொன்னேன். "சரி" என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

14 ஆகஸ்ட், புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தாலுகா ஆபீஸில் கம்பெனி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் பென்னியும் ரோசம்மாள் அக்காவும் நின்றோம். தாசில்தார் என்னிடம், "நீங்களும் வாபஸாம்மா?" என்றார். நான் பென்னியைப் பார்த்தேன். மேனேஜர் பென்னியைப் பார்த்து, "உன் பொண்டாட்டிக்கு நீயே எடுத்துச் சொல்லுப்பா. நாளைக்கே வந்து வேலையில சேந்துக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

பென்னி மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ நெலம் சார். நான் இன்னா சொல்றது." பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்காவ எதுவும் சொல்லாத ஜெபா. உனக்கு இன்னா தோணுதோ அத்தச் சொல்லு."

"வாபஸ் இல்ல சார்" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

"நானும் இல்ல" என்றாள் ரோசம்மாள் அக்கா.

வெளியே வந்ததும் பென்னி, "பசிக்குது" என்றார். மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டோம்.

9 செப்டம்பர்

பென்னி கவரைப்பேட்டை அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். தோள் வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்துவிட்டேன். "இன்னா ஆச்சு உன் மனு?" என்றார். குத்தலாக இல்லை. ஆனாலும் எனக்குக் குத்தியது.

18 அக்டோபர்

உத்தரவு வந்துவிட்டது. குத்தகை முடிந்தது, கழிவை அகற்ற வேண்டும், நிலத்தைக் காலனிக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நான்கு தடவை படித்தேன். கம்பெனி அப்பீல் போகும் என்கிறார்கள். சந்தோஷம் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

16 டிசம்பர்

இன்னும் ஒரு லாரிகூட நகரவில்லை. மறுபடியும் திருவள்ளூர். மறுபடியும் மனு.

21 ஜனவரி 2025, செவ்வாய்

கம்பெனி அப்பீல் போகவில்லை. ஒரு வாரமாகக் கழிவை அள்ளுகிறார்கள். அள்ளும் கான்ட்ராக்டர் வெளியூர், ஆள் கேட்டிருக்கிறார். பென்னி மில்லை விட்டுவிட்டு அங்கே சேர்ந்திருக்கிறார். காதெல்லாம் கருப்புத் தூசியோடு வந்தார். குப்புராஜ் அண்ணன் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். அவர் பங்கும் அதற்குள்தானே இருக்கிறது.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ரோசம்மாக்கா பக்கம் இன்னிக்குத் தரை தெரிஞ்சுது. கருத்துப்போய்க் கெடக்குது. ஆனா மண்ணுதான்."

அந்த மண்ணைப் பார்க்க நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.