பதினொன்றாம் பக்கத்து நட்சத்திரம்

மாமு,

உன் சிவப்புப் பேனா இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. மூடி சரியாக நிற்காமல் பையெல்லாம் கறை. போன வாரம் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, என்னைக் காலடிப்பேட்டையில் உன் வீட்டுக்கு வரச்சொல்லி, உன் சொல்லாராய்ச்சியை நான் தட்டச்சு செய்து தந்த காகிதக் கட்டைக் கொடுத்தாள். பேனா அதில் செருகியிருந்தது.

துறைமுகத்தில் நாம் சரக்கு எண்ணிய நாட்களில் மற்றவர்கள் மாலுமிகளிடம் சிகரெட் கேட்பார்கள். நீ அவர்கள் மொழிச் சொற்களைக் கேட்டாய். நண்பனுக்கு ரஷ்யர் 'த்ரூக்' என்றார், உக்ரேனியர் 'த்ரூஹ்' என்றார், குரோஷியரும் 'த்ரூக்' என்றார். "மூணும் ஒரே வூட்டுப் புள்ளைங்க மாமு. பெத்த தாயத்தான் யாரும் பாக்கல" என்றாய்.

அந்தத் தாய்ச்சொல்லையும் புத்தகங்களில் தேடிப் பிடித்தாய்: *த்ரூகு. கடைசி உகரம் நம் குற்றியலுகரம்போலக் குறுகி ஒலித்ததாம். கூப்பிடும்போது 'த்ரூஜே' என்று மாறுமாம். கூடவே படைக்குப் போகிறவன் என்பது பழைய பொருளாக இருக்கலாம் என்று எழுதிவைத்தாய். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அப்படியென்றால் எழுத்திலும் பேச்சிலும் யாரும் கண்டிராத சொல், சாட்சிகளை வைத்து ஊகித்தது.

தட்டச்சு செய்கையில், அடிக்குறிப்பே இல்லாத இடத்தில் நட்சத்திரம் எதற்கு என்று நான் அத்தனையையும் எடுத்துவிட்டேன். பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று பெருமை வேறு. நீ புரட்டிப் பார்த்தாய். "யாரும் கேக்காதத கேட்டாமாரி ஆக்கிட்டியே. என்னிய பொய்யனாக்கிட்ட" என்றாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை. வீம்பில் நானும் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நீ ஒரேயடியாகப் போய்விட்டாய். அந்த வீம்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தங்கச்சி கொடுத்த கட்டை அங்கேயே திறந்தேன். பத்துப் பக்கம்வரை நீயே நட்சத்திரம் போட்டிருக்கிறாய். பதினொன்றில் பேனாவை வைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறாய்.

"மீதிய ஏம்மா அவன் போடல?"

"எனுக்கு இன்னாண்ணா தெரியும்? அவுரு கை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தக் கட்ட யாரையும் தொடவுடல."

முகப்பைப் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே, அதே சிவப்பு மையில், என் பெயர்.

நீ எனக்காக விட்டுவைத்த மீதிக்கு நட்சத்திரம் போட்டு, இன்று காலை கடைசிப் பக்கத்தையும் முடித்தேன். திருவொற்றியூர் நூலகத்தில் கட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேச வாயெடுத்தால், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

கட்டின் பின்னட்டையில் நானாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதை நீ சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் நீ கிழிக்காத கட்டு இருக்கிறது, நிறுத்திவைத்த பேனா இருக்கிறது, முகப்பில் என் பெயர் இருக்கிறது. மூன்று சாட்சி போதும் என்பாய்.

*என்னை மன்னித்துவிட்டாய்.