ஊமைச்சாமி கண்டுபிடித்த வழி

மகாராணிக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் இங்கிலீஷில் பேசும் அந்த இயந்திரம், ஒன்றை அமுக்கினாலும் இரண்டை அமுக்கினாலும் ஏன் ஆரம்பத்துக்கே திரும்புகிறது என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டோம். உன் கண் ஆபரேஷனுக்கு வருவதாக இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் சொல்லாவிட்டால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும். "மகளைக் கேக்க மாட்டேன்னு வீம்பு வேற! போனைக் கையில குடுத்தா ஊமைச்சாமி மாதிரி நிக்கறீங்க" என்று நேற்று திட்டினாயே?

இன்று காலை நீ வேலைக்குப் போனதும் மறுபடி போட்டேன். எதை அமுக்குவதென்று தெரியாமல் நிஜமாகவே ஊமையாக நின்றேன். இயந்திரம் மூன்று முறை கேட்டது. பட்டன் இல்லாத போன் என்று நினைத்ததோ என்னவோ, என்னை ஒரு பெண்ணிடம் தள்ளிவிட்டது! "தமிழ்" என்றேன். கொஞ்ச நேரம் பாட்டு. பிறகு இன்னொரு குரல்: "வணக்கம் அண்ணா, நீங்க தமிழ்லயே பேசுங்க. நான் அவங்களுக்கு இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்றேன்." துள்ளிக் குதிக்காத குறைதான். ஆனால் நோயாளியே பேசினால்தான் பதிவு செய்வார்களாம்.

நீ பத்து மணிக்கு வரும்போது நான் பேக்கரி வேலையில் இருப்பேன். சாதமும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். முதலில் போன், அப்புறம் சாப்பாடு.

உன் ஊமைச்சாமி

மறந்துவிட்டேன், வழி இதுதான்: எந்த எண்ணையும் அமுக்காதே. மூன்று முறை கேட்கும்வரை பேசாமல் இரு. ஆள் வந்ததும் "தமிழ்" என்று சொல். பாட்டு முடியும்வரை போனை வைக்காதே.