நீங்கள் பார்த்து வைத்த லேத்தை நான் வாங்கவில்லை

என் பிரியமான ஏனுங்க,

பதினோரு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்றதும் திடீரென்று பெயர் சொல்ல வரவில்லை. நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கலாமா, கூடாதா? கேட்டுவிட்டேன். நான் இருக்கிறேன். பிள்ளைகள் இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன, அதைவிட நன்றாகச் சண்டை போடுகின்றன.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேலத்துப் பட்டறையில் பழைய சாமான்களுக்கு நடுவே தேடி, விலை பேசி, வைத்திருங்கள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தீர்களே, மரம் கடைகிற அந்தப் பச்சை லேத்தை நான் வாங்கவில்லை. வேறொன்று வாங்கிவிட்டேன். கோபப்படுவதானால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம்முடையது இரண்டு பேர் தொழில் என்பது நீங்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எதிரே உட்கார்ந்து, மரத்தில் சுற்றிய கயிற்றை நான் இப்படியும் அப்படியும் இழுப்பேன். நீங்கள் உளி பிடிப்பீர்கள். பூரிக்கட்டையும் மத்தும் பம்பரமும் அப்படித்தான் பிறந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டாக இடம் மாறிக்கொள்வோம். என் முதல் பூரிக்கட்டையைப் பார்த்து, இதை வைத்துத் திருடனை அடிக்கலாம் என்றீர்கள். அந்த விளையாட்டை நம்பித்தான் இப்போது அடுப்பு எரிய வேண்டும்.

உங்களை அடக்கம் செய்த பின் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்து வெளியே வந்ததும் நம் பட்டறையைத் திறந்தேன். கயிறு இழுக்கக் கிளியூரிலிருந்து ஒரு பெண்ணை அண்ணன் பேசிவிட்டார். நல்ல பெண். ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கூலி அதிகம், துணைக்கும் நாலு பேர். அவளை என்ன குறை சொல்வது?

அப்புறம் இரண்டே வழிதான். தனியாக ஓட்ட ஒரு மோட்டார் லேத், இல்லையென்றால் பட்டறையை மூடிவிட்டு அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்வது. அண்ணன் தங்கமானவர், அண்ணியும் முகம் சுளிக்கிறவர் இல்லை. இருந்தாலும் நம் பிள்ளைகள் அங்கே இரண்டாம் தடவை சோறு கேட்க யோசிக்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

புதுசு வாங்க வழியில்லை. பழசுதான், அதுவும் ஒரே ஒரு தடவைதான். தப்பான சாமானை மலையேற்றிவிட்டால் அதைத் திருப்பி இறக்கக்கூட கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பயத்தோடுதான் போன செவ்வாய்க்கிழமை அண்ணனோடு முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன்.

பட்டறைக்காரர் விஷயம் கேள்விப்பட்டிருந்தார். அப்படியும் அந்தப் பச்சை லேத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அதன் மேல் சாக்பீஸில் 'ஏற்காட்டு பாய்' என்று எழுதியது அப்படியே இருந்தது. ஏனுங்க, அதைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் டீக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாகப் போய்ப் பழைய பெல்ட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

அழுது முடித்து அதன் முன்னால் போய் நின்றேன். கட்டை மாட்டுகிற முனை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? எனக்கு அது ஒரு சாண் மேலே இருந்தது. பலகை போட்டு ஏறி நின்றுகொள் என்றார் அண்ணன். அதற்கும் சரி என்றேன். மோட்டாருக்கு த்ரீ பேஸ் லைன் வேண்டும் என்றார் பட்டறைக்காரர். நம் வீட்டில் சிங்கிள் பேஸ். சாயங்காலமானால் பல்பே அழுது வடிகிறது. இது தெரியாமலா பேசி வைத்தீர்கள்? தெரிந்திருக்கும். கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைன் வாங்கிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்கு அது நடக்கும். ஒவ்வொரு தடவையும் அண்ணனை அவர் கடையை மூடவைத்துத் துணைக்குக் கூட்டிப் போக என்னால் ஆகுமா?

மூலையில் இன்னொன்று கிடந்தது. குட்டை, நீளமும் பாதிதான், பெயிண்ட் போன இடமெல்லாம் துரு. கட்டில் கால் அதில் கடைய முடியாது, பூரிக்கட்டைக்குப் போதும். மேலே உள்ள துருவை விட்டுவிட்டு, சுற்றுகிற தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. இரண்டு முனைகளையும் நெருக்கி வைத்தேன், நேருக்கு நேர் தொட்டன. அதன் சிங்கிள் பேஸ் மோட்டாரை ஓடவிட்டு மேலே உள்ளங்கையை வைத்தேன். சத்தம் போட்டது, ஆனால் உதறவில்லை.

அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை.

"மாப்ள நொம்ப ஆசையாப் பாத்து வச்சது கண்ணு. அத வேண்டாமுன்னா அவரு மனசு நோவாதா?"

"அவரு அவரு ஒசரத்துக்குப் பாத்தாருங்கண்ணா. நிக்கப் போறது நானுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, உங்கள் பேச்சை நாலு பேர் நடுவில் வெட்டியது போல இருந்தது. நீங்கள் இருக்கும்போது ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கிறேனா? பேசியிருக்கிறேன், தெரியும். ஆனால் அப்போது நீங்கள் திருப்பிப் பேசுவீர்கள்.

பட்டறைக்காரர் ஒரு சில்வர் ஓக் கட்டையை மாட்டி, கடைந்து பார்க்கச் சொல்லி உளியைக் கொடுத்தார். சீவல் நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, உளிய எதுக்கு எடுத்து எடுத்து வைக்கறீங்க? இது ஒரே பக்கமாத்தான் சுத்துமுங்க. எடுக்க வேண்டியதில்ல."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கயிறு ஒரு பக்கம் இழுபடும்போதுதான் உளி வெட்டும். அது திரும்பி ஓடும்போது உளியைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கயிறு இழுக்க நான் கடைந்தும் வந்த பழக்கம். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும், நீங்கள் கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ள ஒவ்வொரு தடவையும் இடம் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதையே வாங்கினேன். மிளகு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய எஸ்டேட் லாரியில் வந்து சேர்ந்தது. மூன்று நாளாக ஓட்டுகிறேன். பூரிக்கட்டைகள் கடைக்குப் போகிற மாதிரி இருக்கின்றன, திருடனை அடிக்கிற மாதிரி இல்லை. பட்டறையை மூட வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

உளியை எடுக்காமல் கடையப் பழகிக்கொள்வேன், இது என் வாக்கு. மே மாதச் சுற்றுலாக் கூட்டம் மலையேறுவதற்குள் பழகியாக வேண்டும், இல்லையென்றால் பாதி வேலைதான் நடக்கும். பழகிவிடுவேன், ஏனுங்க. இந்த வாரம் மட்டும் வேண்டாம்.

என்றும் உங்கள் மனைவி,
ஜுலைகா