நண்டு வராத ஒரு நிமிடம்

ராயபுரம்
9-6-2024

அன்பு மருமகள் ஜானட்டுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலம் முற்றிப்போய் உன் பிலோமி அத்தை என்னை ஒரு நாளைக்கு நான்கு முறை திட்டுகிறாள். அகமதாபாத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் என் புளுகுக்குப் போன் போதாது, தாள் வேண்டும்.

வடசென்னையின் சினிமாச் சக்கரவர்த்தியாக உன் மாமன் நேற்று முடிசூடினான்! நீ அனுப்பிய இரண்டு குட்டி அனிமேஷன் படங்களையும் மாதா கோயில் ஹாலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டேன். துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் சரக்கை அப்படியே விட்டுவிட்டுப் படம் பார்க்க வந்தன. பிள்ளைகள் மட்டும் முன்னூறு. (அத்தை எட்டிப் பார்த்து, "பதினோரு பேரு" என்கிறாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.)

நீ சொன்னபடியே செய்தேன். வாசலில் அம்மாமார் தெரியும்படி கதவைத் திறந்தே வைத்தேன். ஒரே படத்தை இரண்டு தரம் போட்டேன். முடிந்ததும் "இன்னா கத்துகினே?" என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. எல்லாம் நான்கு, ஐந்து வயசுப் பொடிசுகள். இதுவரை போனில் விரலால் தள்ளித் தள்ளியே படம் பார்த்தவை. ஆன்றோ என்று ஒருத்தன் நேராக வேட்டியிடம் போய் விரலால் தள்ளினான். படம் மாறவில்லை. "மாமு, இது ஒடஞ்சிபூட்ச்சி" என்றான்.

ஊரார் வரைந்த படமெல்லாம் பார்த்தாயிற்று. நீ வரைந்ததை எப்போது அனுப்புவாய்?

இப்படிக்கு,
மகாகனம் பொருந்திய ஹென்றி மாமா

*

அகமதாபாத்
19-6-2024

அன்புள்ள மாமா,

சாப்பிடுகிறேன். இங்கே சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள், அது ஒன்றுதான் குறை.

என் படத்தைப் பென்டிரைவில் அனுப்பியிருக்கிறேன். ஏழு நிமிடம், பேச்சே கிடையாது. நெட்டுக்குப்பத்தில் நான் பார்த்த நண்டுதான் கதை. தினமும் அதன் வளையை அனல்மின் நிலையத்துச் சாம்பல் மூடுகிறது. தினமும் தோண்டிக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு நாள் வரவில்லை. ஒரு முழு நிமிடம் திரையில் சாம்பல் மேடு மட்டும். பிறகுதான் ஒரு கால் தெரியும்.

அந்த நிமிடத்தை வெட்டச் சொல்கிறார்கள் இங்கே, படத்தை வெளியிடப்போகும் குழுவினர். சின்னப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் சும்மா இருக்க மாட்டார்களாம். பாட்டுப் போடு, கண் சிமிட்டும் மீன் போடு என்கிறார்கள். அந்த நிமிடத்துக்காகத்தான் மூன்று வருடம் வரைந்தேன், மாமா. அது இல்லையென்றால் படமே இல்லை. ஜூலை கடைசியில் முடிவு செய்வார்கள்.

பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். படம் ஓடும்போது நீங்கள் பேசக் கூடாது.

அன்புடன்,
ஜானட்

*

ராயபுரம்
7-7-2024

அன்பு மருமகளே, கலையுலகின் கலங்கரை விளக்கே!

வெற்றி! நேற்று உன் நண்டு ராயபுரத்தை வென்றது. அந்த ஒரு நிமிடத்தில் இங்கே ஊசி விழுந்திருந்தால் காட்டுப்பள்ளியில் கேட்டிருக்கும். பிள்ளைகள் புனிதர் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். ஈ ஒன்று பறந்து வந்து, நிலைமையைப் பார்த்து, நடந்து போனது. நண்டின் கால் தெரிந்ததும் எழுந்த கைதட்டலில் ஹால் கூரையில் மூன்று ஓடு காணோம். வெட்டச் சொன்னவரை என்னிடம் அனுப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான், அவரைத் தூக்கிக் கப்பலில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் புகழ் பரப்பும் ஹென்றி மாமா

*

அகமதாபாத்
15-7-2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் மொழிபெயர்த்து வாசித்தேன், ஈயையும் ஓடுகளையும் கிரேனையும் விட்டுவிட்டு. குழுவின் எட்டுப் பேரும் நம்பினார்கள். நிமிடம் இருக்கட்டும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் அத்தை போன் செய்தார்கள்.

"உன் மாமன் மைக்க வுடவே இல்லடி. இருவது வருசமா தேர்த் திருவிழாவுல மைக்கு புடிச்ச கையாச்சே! 'இதோ வருது, இதோ வருது, புள்ளைங்களா பொறுமையா இருங்க'ன்னு அந்த ஒரு நிமிசமும் ஒரே கூவல். புள்ளைங்க நண்ட எங்க பாத்துச்சி? இவரத்தான் வாயப் பொளந்து பாத்துகினு இருந்துச்சி."

மறுநாள் நானே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். தலை நிமிர முடியவில்லை. இனி 31ஆம் தேதி வெட்டிவிடுவார்கள்.

சின்ன வயதில் உங்கள் புளுகென்றால் எனக்கு உயிர். ஆனால் இந்த ஒரு தடவை உங்கள் வாய் வேண்டாம், கண்தான் வேண்டும் என்று கேட்டேன். இனி நீங்கள் எழுதுவதில் எதை நான் நம்புவது?

ஜானட்

*

ராயபுரம்
21-7-2024

ஜானு,

நேற்று மறுபடியும் போட்டேன். மைக்கை அத்தையிடம் கொடுத்து வீட்டில் வைத்துப் பூட்டச் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்து, கண்டதை மட்டும் தாளில் குறித்துக்கொண்டேன்.

பதினோரு பிள்ளைகள். சாம்பல் மேடு வந்ததும் பத்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. ஆன்றோ முன்னால் இருந்தவனை உதைத்தான். ரெஜினா, "பயமா கீது" என்று அழுதுகொண்டே வாசலுக்குப் போய் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டாள். அவள் தம்பியும் பின்னாலேயே போய்விட்டான். எனக்கு நாக்கு அரித்தது. கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு மோகனப்ரியா எழுந்தாள். ஐந்து வயது. வேட்டிக்குக் கிட்டப் போய்க் குப்புறப் படுத்தாள்.

"செத்துப்பூட்ச்சா?" என்றான் ஆன்றோ.

அவள் திரும்பவே இல்லை. "சும்மா இர்றா. உள்ள தோண்டிகினு கீது. நீ சத்தம் போட்டா அதுக்கு வழி தெரியாது."

அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. ஆன்றோவும் போய்ப் படுத்தான். ஒவ்வொன்றாக எல்லாம் படுத்தன. திரையில் எதுவும் அசையவில்லை, ஜானு. இந்தப் பொடிசுகளும் அசையவில்லை. நானும்தான்.

கால் தெரிந்தபோது யாரும் கைதட்டவில்லை. "வந்துட்ச்சி" என்றாள் மோகனப்ரியா, தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு தபா போடு, மாமு" என்றாள்.

என் அக்கா மகள் வரைந்தது என்று தெருவெல்லாம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. நேராக வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கூட்டத்தில் வாசிப்பதானால் அழுத பிள்ளையையும் சேர்த்து வாசி. கடைசி வரை இருந்தது ஒன்பது பேர். பத்து என்று சொல்லிவிடாதே.

ஹென்றி மாமா

(நானும் வாசலில் நின்று பார்த்தேன். எழுதியிருப்பதெல்லாம் நிஜம். – பிலோமி)

*

அகமதாபாத்
27-7-2024

அன்புள்ள மாமா,

ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். அவர்கள் முதலில் கேட்டது ரெஜினாவைப் பற்றித்தான். அவள் அழுததை எழுதியதால்தான் மீதியை நம்பினார்கள்.

நிமிடத்தைத் தொடவில்லை, மாமா. படம் அப்படியே வெளியாகிறது.

மோகனப்ரியாவிடம் நீங்களே சொல்லுங்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

உங்கள்
ஜானு