துறைமுகத்தில் அணிந்த லென்ஸ்

என் ஸ்டமாத்தா,

பிரேயஸில் நீ கப்பலேறிய காலையைப் பற்றி நான் எழுதியதே இல்லை.

கூம்பிப்போன என் கருவிழியை அளந்து, கண்ணுக்குள் பதிக்கும் லென்ஸைத் தேர்வுசெய்ய இரண்டு நாள்தான் இருந்தது. "அதுவரைக்கும் பழைய கடின கான்டாக்ட் லென்ஸைத் தொடாதீங்க, கருவிழியோட வடிவமே மாறிடும்" என்றிருந்தார் டாக்டர். லென்ஸ் இல்லாமல் எனக்கு முகங்கள் தெரியாது; நீயோ, "பாத்துடா, என்னை விட்டுட்டு வேற எவளுக்காவது கையாட்டிடப் போற!" என்று சிரித்தாய்.

கழிவறைக்குப் போய் அந்தப் பழைய லென்ஸை அணிந்துகொண்டு வந்தேன். கப்பல் திரும்பும்வரை உன் முகம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, கண்ணை அளந்த டாக்டரிடம், "ஒரு மாசமா போடவே இல்ல" என்றேன்.

அதனால் அளவு தப்பிவிட்டது. புது லென்ஸிலும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று உனக்கு எழுதியது பொய்.

ஞாயிறன்று நீ திரும்பி வரும்போது துறைமுகத்துக்கு வருவேன். யாருக்கும் கையாட்ட மாட்டேன். நீயே வந்து என் கையைப் பிடி.

உன்னவன்