நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

2004 மார்ச் 9, செவ்வாய். காலை 9.40.
என் மின்னஞ்சல் நிரலின் அமைப்புக் கோப்பில் இப்போது 412 வரிகள். நீண்ட விடுமுறை முடிந்து வந்ததும் முதல் வேலையாக ஏழு வரி சேர்த்தேன். கப்பல் சம்பந்தப்பட்ட அஞ்சல் இனி மஞ்சளில் தெரியும். மவுஸ் இல்லை, படம் இல்லை, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். இந்த ஆய்வு நிலையத்தில் அஞ்சல் படிக்க இதைவிட வேகமான நிரல் இல்லை.

எங்கள் பிரிவின் இன்னொரு கணினிக்காரி கெரின் ட்ரெலோர் வைத்திருப்பது 19 வரி. போன வருடம் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது என் கோப்பைத் தருகிறேன் என்றேன். இங்கே யாரும் அதைச் சும்மா தருவதில்லை. எனக்கே பிரிவுத் தலைவர் வாரிக் தன் கோப்பைத் தந்தது, நான் வந்து ஒரு மாதம் கழித்துத்தான். கெரின் சொன்னாள்: "வேணாம் லாக்கி. எனக்குப் புரியாத வரிய நான் வெச்சுக்க மாட்டேன்." திமிர்.

ஏப்ரல் 2 கிளம்பும் ஆய்வுக் கப்பலில் கணினிக்காரர் ஒருவருக்குத்தான் இடம். அறுபது நாள், தெற்கே பனி வரைக்கும். அவளா நானா என்று வாரிக் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 11
நேற்று பெர்த்தில் இருக்கும் என் நண்பன் ஃபின்னுக்கு எழுதினேன்: வாரிக் எங்கள் பிரிவை நடத்தும் அழகு நத்தைக்குக் கடிவாளம் போட்டதுபோல இருக்கிறது என்று. ஃபின்னுக்கு மட்டும். இன்று தேநீர் நேரத்தில் வாரிக் கையில் பையை வைத்துக்கொண்டு எழுந்து, "சரிப்பா, பட்ஜெட் கூட்டம். நத்தைக்குக் கடிவாளம் போட்டுட்டு வரேன்" என்றார். போகிறபோது என் தோளில் ஒரு தட்டு.

அதே சொல். ஃபின்னுக்கும் வாரிக்குக்கும் பழக்கமே கிடையாது. பிறகு எப்படி?

மார்ச் 12
அடுத்தவர் அஞ்சல் பெட்டியைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருவன் நான். இன்னொருத்தி கெரின்.

கேட்டேன். நேராகவே, எல்லார் முன்னாலும். கெரின் கையில் இருந்த கேபிளைக் கீழே வைத்தாள். "உன் அஞ்சல நான் எதுக்குடா படிக்கணும்? நீ வாயத் தொறந்தாலே பாதிக்கு மேல தாங்க முடியல." எல்லாரும் சிரித்தார்கள். படிக்கவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. கவனித்தேன்.

மார்ச் 15
நிர்வாகப் பிரிவில் புகார் கொடுத்துவிட்டேன். காகிதத்தில், கையால் எழுதி. அஞ்சலில் எழுதினால் அவள் படிப்பாளே. வாரிக் 24 வரை சிட்னியில். அவர் வருவதற்குள் முடியட்டும்.

மார்ச் 18
விசாரணை முடியும்வரை கெரினிடமிருந்து கடவுச்சொல் பறிப்பு. கப்பல் பட்டியலில் அவள் பெயர் இருந்திருக்கிறது! அதை அடித்து என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். போகட்டும். அவளாகத் தேடிக்கொண்டது.

மார்ச் 24, புதன்
இதை எழுதத்தான் வேண்டுமா? எழுது, முட்டாளே.

காலையில் கப்பல் கணினியில் என் அமைப்புக் கோப்பை ஏற்றி, எனக்கே ஒரு சோதனை அஞ்சல் அனுப்பினேன். அஞ்சல் போனது. கூடவே ஒரு பிழைச் செய்தி திரும்பி வந்தது: 'நகல்' என்ற முகவரி இங்கே இல்லை.

'நகல்'. 214ஆம் வரி. அனுப்பும் ஒவ்வொரு அஞ்சலிலும், பெறுபவருக்குத் தெரியாமல் அந்த முகவரிக்கு ஒரு பிரதியை அனுப்பச் சொல்லும் வரி. ஒவ்வொரு அஞ்சலிலும் அந்தச் சொல் என் திரையில் வரும். மூன்று வருடமாக நாள்தோறும் பார்க்கிறேன். எனக்கான சேமிப்பு என்று நினைத்திருந்தேன். ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை.

நிலையத்தின் முகவரிப் பட்டியலைத் திறந்தேன். 'நகல்' போய்ச் சேரும் இடம் வாரிக் ஹேன்லன். என் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த காலத்தில் தனக்காக எழுதிக்கொண்ட வரி. கோப்போடு என்னிடம் வந்திருக்கிறது.

மூன்று வருடம். 2,871 அஞ்சல்.

கப்பல் கணினியில் இருந்த அமைப்பு வரிகளை மொத்தமாக அழித்துவிட்டு அவர் அறைக்கு ஓடினேன். சிட்னிப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை மனிதர். சொன்னேன். பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார்.

"நீ வேணும்னே அனுப்பறன்னுல்ல நெனச்சேன். மூஞ்சிக்கு நேரா திட்டறான், தைரியசாலின்னு."

"மூணு வருஷமாவா?"

"உங்கம்மாவுக்கு எழுதினதெல்லாம் தொறக்க மாட்டேன். மத்தது டீயோட படிப்பேன். நல்லா எழுதற."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்தினேன். அவர் பெட்டியின் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்: "அந்த வரி என்னன்னு நீயும் கேக்கல." பிறகு புகார் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "கெரின் மேலயா? போ. மொதல்ல அதச் சரி பண்ணு. அப்புறம் என்கிட்ட கத்து."

இவர் மேல் கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 25
நிர்வாகப் பிரிவில் புகாரைத் திரும்பப் பெற்றேன். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன். கப்பல் பட்டியலில் என் பெயரை அடித்துக் கெரின் பெயரைப் போடச் சொன்னேன். அங்கிருந்த பெண் இரண்டு முறை கேட்டாள், நிச்சயமாகவா என்று. நிச்சயமாக இல்லை. ஆனாலும் அடி என்றேன்.

கெரினிடமும் எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். தட்டச்சை நிறுத்தவில்லை அவள். "நீ விட்டுக்குடுத்தன்னு எங்கயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. அது என் எடம்."

ஆமாம். அவள் இடம்தான்.

ஏப்ரல் 2
கப்பல் மதியம் மூன்றுக்குக் கிளம்பியது. துறைமுகத்துக்குப் போகவில்லை. என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டாம்.

ஏப்ரல் 5, திங்கள்
காலையில் மஞ்சள் நிறத்தில் ஓர் அஞ்சல். கப்பலிலிருந்து. வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை:

"இந்தக் கணினியில அமைப்பு வரி ஒண்ணுமே இல்ல. மொத்தத்தையும் தொடச்சு வெச்சிருக்க. என் 19 வரியும் கரையில கெடக்கு. உன் கோப்ப அனுப்பு. மொதல்ல நீ ஒரு தடவ படி."

ஐந்து முறை படித்தேன். செய்யவேண்டியவை:

1. 412 வரியையும் இன்றைக்குள் படிப்பது. ஒவ்வொன்றாக.
2. புரியாததை அழிப்பது. (இதுவரை 96 வரி படித்திருக்கிறேன், 31 போய்விட்டது.)
3. மீதியைக் கெரினுக்கு அனுப்புவது. விளக்கம், மன்னிப்பு எதுவும் சேர்க்காமல். கோப்பு மட்டும்.
4. மூன்று வருடம் சொல்லாமல் படித்ததற்காக வாரிக் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எல்லாம் எழுதி அவருக்கே அனுப்புவது. பெறுநர் இடத்தில் அவர் முகவரியை என் கையால் தட்டி.